வெள்ளரிக்காயும் வெள்ளரிப்பழமும்

(நமது சங்கத்தின் டில்லி அங்கத்தினர்கள் கூடிய கோடைக்காலச் சந்திப்பில் ஆற்றிய உரை. நேரமின்மையால் அன்று விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



சென்ற கூட்டத்தில் இதே மேடையில் நண்பர் ஒருவர் கீதையைப் பற்றி மிக அழகாகப் பேசினார். இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட செயலாளர், "நீங்கள் மொட்டைமாடியில் வெள்ளரிக்காய் போடுகிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. கீதைக்கு அடுத்தபடியாக வெள்ளரிக்காயா? ஆத்தில் வந்து சொன்னேன். என் சஹதர்மிணி அடுப்பைப் பார்த்தபடியே, "ருத்ரம் சொல்றச்சே தினம் அதைத்தானே சொல்றேள்? மேடையில சொன்னா மட்டும் என்னவாம்?" என்றாள்.

அவள் சொன்னது மிருத்யுஞ்ஜய மந்திரத்தை. ரிக் வேதத்தின் ஏழாவது மண்டலத்தில் வருவது. வசிஷ்டர் அதன் ரிஷி. யஜுர் வேதத்திலும் உண்டு. அதில் 'உர்வாருகம்' என்று ஒரு பழம் வருகிறது. அந்தப் பழம் காம்பிலிருந்து எப்படி விடுபடுகிறதோ, அப்படி நமக்கும் விடுதலை வேண்டும் என்பது பிரார்த்தனை. உர்வாருகம் என்றால் வெள்ளரிப்பழம் என்று என் தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். உபந்நியாசங்களிலும் அப்படியே கேட்டிருக்கிறேன். நானோ 1970ல் தாவரவியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவன். ஆனால் அறுபது வயது தாண்டும் வரை, வெள்ளரி உண்மையிலேயே அப்படிக் காம்பை விட்டுக் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு மாடியில் வெள்ளரி போட்டேன். விதைக்காக ஒரு காயைப் பறிக்காமல் விட்டேன். அது மஞ்சளாயிற்று, பழுப்பாயிற்று, கொடியே காய்ந்தும் போயிற்று. ஆனால் காய் காம்பை விடவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். எனக்கு ஒரே குழப்பம். வசிஷ்டர் தவறாகச் சொல்லியிருப்பாரா, அல்லது நான் வேறு செடியைப் பார்க்கிறேனா? இதற்கு விடை கிடைக்க எனக்கு நாலைந்து வருஷம் ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் காயைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

இரண்டு செடிகள், ஒரே பெயர்

நாம் வெள்ளரி என்று சொல்வது ஒரு செடி அல்ல, இரண்டு. பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரிக்காய்க்குத் தாவரவியலில் குகுமிஸ் சட்டைவஸ் என்று பெயர். டில்லியில் இதுதான் 'கீரா'. இன்னொன்று குகுமிஸ் மீலோ. முலாம்பழம் என்கிறோமே, வடக்கே கர்பூஜா, அது இந்த இனம். இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்தான். ஆனால் வெள்ளரிக்கு குரோமோசோம் 7 ஜோடி, முலாம்பழத்துக்கு 12 ஜோடி. சாதாரணமாக ஒன்றோடொன்று கலக்காது.

வேடிக்கை என்னவென்றால், பல ஊர்களில் இந்த முலாம்பழ இனத்துக் காய்களுக்கும் வெள்ளரி என்றே பெயர். டில்லி வெயிலில் தள்ளுவண்டியில் ஒல்லியாக, நீளமாக, வளைந்து வளைந்து வைத்திருப்பார்களே 'ககடி', அது முலாம்பழ இனம். ஆனால் புனே, மும்பை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்: மராட்டியில் 'காக்டி' என்றால் நம் சாதாரண வெள்ளரிக்காய்தான். ஆந்திராவின் தோசைக்காய், மங்களூர்ப் பக்கத்தில் சாம்பாருக்குப் போடும் சௌத்தேக்காய், பாலக்காட்டுக்காரர்கள் விஷுக் கணியில் வைக்கும் பொன்னிறமான கணிவெள்ளரி எல்லாமே முலாம்பழ இனத்தைச் சேர்ந்தவை.

நம் ஊரில் பனை ஓலை சுற்றி விற்கும் வெள்ளரிப்பழமும் அப்படித்தான். வெல்லமோ சர்க்கரையோ தூவிச் சாப்பிட்ட ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். பழுத்தவுடன் தானே வெடித்துவிடும் என்பதால்தான் ஓலையைச் சுற்றுகிறார்கள். வடக்கே இதற்கு 'ஃபூட்' என்று பெயர். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்குப் பிளவு என்று அர்த்தம். கூட்டத்தில் பிளவு ஏற்பட்டாலும் ஃபூட் என்பார்கள். ஆக, வெள்ளரிப்பழம் என்பது வெள்ளரிக்காய் பழுத்தது இல்லை. காய் ஒரு செடி, பழம் வேறு செடி. தாவரவியல் படித்த எனக்கே இது எழுபதை நெருங்கும்போதுதான் உறைத்தது.

எங்கிருந்து எங்கே போயிற்று

வெள்ளரிக்காயின் தாய்வீடு நம் தேசம்தான். இமயமலை அடிவாரத்தில் இன்றும் காட்டுவெள்ளரி வளர்கிறது. சிறிய காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. ஹார்ட்விக் என்ற கம்பெனி ராணுவ அதிகாரியின் பெயரால் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ராய்ல். அவர் 1820களில் இங்கே பக்கத்தில் உள்ள சஹாரன்பூர் தாவரத் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்தக் கசப்புக் காயிலிருந்து கசப்பில்லாததாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து, நாம் சாப்பிடும் வெள்ளரியை உண்டாக்கியவர்கள் பெயர் தெரியாத நம் விவசாயிகள். 2009ல் வெள்ளரியின் மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டது. 2013ல் 115 வகைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், அதிகமான வேறுபாடுகள் இந்திய வகைகளிடம்தான் இருப்பதாகத் தெரிந்தது. எங்கே வேறுபாடுகள் அதிகமோ அங்கேதான் பிறப்பிடம் என்பது பொதுவான அனுமானம்.

இங்கிருந்து கிழக்கே சீனாவுக்கும் மேற்கே பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்கும் போயிற்று. ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸ் தினமும் வெள்ளரிக்காய் சாப்பிட்டார், அதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளைத் தோட்டக்காரர்கள் வெயிலுக்கு நகர்த்துவார்கள் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். பல புத்தகங்களில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் பழைய சித்திரங்களையும் நூல்களையும் ஆராய்ந்தவர்கள், அது வெள்ளரி அல்ல, நம் ககடி போன்ற நீண்ட முலாம்பழ வகை என்கிறார்கள். 2012ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உண்மையான வெள்ளரி ஐரோப்பாவுக்குப் போனது ரோமானியர் காலத்துக்குப் பிறகுதான். பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை, சக்கரவர்த்திக்கும் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம்.

அந்தப் பயணம் இப்போது வேறு ரூபத்தில் நடக்கிறது. விரல் நீளத்தில் பறித்து வினிகரில் போடும் கெர்கின் என்ற சிறுவெள்ளரியை 1990களில் கர்நாடகத்தில் ஏற்றுமதிக்காகப் பயிரிடத் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. 2020-21ல் மட்டும் வெள்ளரியும் கெர்கினுமாக 2,23,515 டன் ஏற்றுமதியாயிற்று. மதிப்பு 22 கோடி டாலருக்கு மேல். நம் வீடுகளில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை, ஆனால் உலகமே சாப்பிடுகிறது.

உடம்புக்கு என்ன தருகிறது?

இந்த விஷயத்தில் மிகைப்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். தோலோடு 100 கிராம் வெள்ளரிக்காயில் 95 கிராம் தண்ணீர். சக்தி 15 கலோரிதான். அதே எடை சாதத்தில் சுமார் 130 கலோரி. மாவுச்சத்து மூன்றரை கிராம் அளவு, நார்ச்சத்து அரை கிராம், பொட்டாசியம் சுமார் 147 மில்லிகிராம், வைட்டமின் சி மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. சத்து மூட்டை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களும் எடை குறைக்க வேண்டியவர்களும், சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து ஒரு கிண்ணம் வெள்ளரி சேர்த்துக்கொண்டால் வயிறும் நிறையும், கலோரியும் ஏறாது. இதன் பெருமை அவ்வளவுதான். அதுவே பெரிய பெருமை.

வைட்டமின் கே என்று ஒன்று இருக்கிறது. தோலோடு 16 மைக்ரோகிராம், தோல் சீவினால் பாதிக்கும் கீழே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அவர்கள் வெள்ளரியை விட வேண்டியதில்லை; ஆனால் ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அடுத்த வாரம் தினம் இரண்டு காய் என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளந்து குடிக்கிறவர்கள், வெள்ளரியில் இருக்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு விஷயத்திலும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒன்று: வெள்ளரியில் உப்பு கிடையாது. வண்டிக்காரர் தூவும் காலா நமக்கில்தான் இருக்கிறது.

நம் பெரியவர்கள் ஸ்ரீராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு வடைப்பருப்பு வைத்தார்கள். ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய். பங்குனி, சித்திரை வெயிலில் பருப்பின் புரதமும் காயின் நீரும் சேர்ந்து கிடைக்கிறது. கலோரிக் கணக்கு தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

கசப்பு: என் சொந்த அனுபவம்

இப்போது சொல்லப் போவதை தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

2018 மே மாதம். மாடியில் கொடி நன்றாகக் காய்த்திருந்த சமயம், ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்து நாள் செடிக்குச் சரியாகத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கொடி துவண்டிருந்தது. அவசர அவசரமாகத் தண்ணீர் விட்டேன், பிழைத்துக்கொண்டது. மறுநாள் இரண்டு காய் பறித்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி பச்சடிக்காக நறுக்கி ஒரு துண்டு வாயில் போட்டவள் துப்பிவிட்டாள். "வேப்பிலை மாதிரி கசக்கறதுன்னா, தூரப் போடுங்கோ" என்றாள்.

எனக்கு மனசு வரவில்லை. நான் வளர்த்த காய். போதாக்குறைக்கு எனக்குச் சர்க்கரை உண்டு. "கசப்பு சர்க்கரைக்கு நல்லதுதான், பாகற்காய் சாப்பிடறதில்லையா?" என்று விஞ்ஞானம் பேசிவிட்டு, இரண்டு காயையும் மோரோடு மிக்ஸியில் அடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பெரிய டம்ளர் நிறையக் குடித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல். பக்கத்து ஃபிளாட் பையன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. ஒரு ராத்திரி முழுவதும் சலைன் ஏற்றினார்கள். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, என் மனைவி சொன்ன பதில்: "பாட்டனி படிச்சவர் டாக்டர், அவரையே கேளுங்கோ." அன்று ராத்திரி அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேடிக்கையாகச் சொன்ன பதில் இல்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கசப்புக்குக் காரணம் குகுர்பிட்டசின் என்ற ரசாயனம். வெள்ளரி, சுரை, பூசணிக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்தும் மிருகங்களிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் விஷம். 2014ல் சீன விஞ்ஞானிகள் வெள்ளரியில் இதைத் தயாரிக்கும் ஒன்பது மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். இலையில் கசப்பை முடுக்குவதற்கு ஒரு விசை, காயில் முடுக்குவதற்கு வேறொரு விசை. நம் முன்னோர்கள் தேர்ந்தெடுத்து வந்ததில், காயில் உள்ள விசை பெரும்பாலும் அணைந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் இல்லாமல் செடி வாடினாலோ, குளிரில் நடுங்கினாலோ, சில செடிகளில் அது மறுபடி ஏறிவிடும். ஐந்து நாள் நான் செடியைக் காயப்போட்டேன். செடி இமயமலைக் காட்டை நினைத்துக்கொண்டு விட்டது.

பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. வெள்ளரியில் என் அளவுக்கு அவதிப்படுகிறவர்கள் குறைவு. சுரைக்காயில்தான் ஆபத்து மிக அதிகம். 2010ல் இதே டில்லியில், ஆரோக்கியத்துக்காகத் தினமும் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து வந்த ஒரு விஞ்ஞானி, ஒரு நாள் சாறு வழக்கத்துக்கு மாறாகக் கசந்தும் குடித்துவிட்டு உயிரையே இழந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அவர்கள் சொன்ன அறிவுரை எளிமையானது. சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை ருசி பார்க்க வேண்டும். கசந்தால் எறிந்துவிட வேண்டும். சாறு கசந்தால் குடிக்கக் கூடாது. குடித்து உபாதை வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை நடைக்குப் பிறகு சாறு குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை எழுதி சமையலறையில் ஒட்டி வையுங்கள். சமைத்தாலும் இந்த விஷம் போகாது.

நுனியை வெட்டித் தேய்த்தால் நுரை வரும், கசப்பு போய்விடும் என்று எல்லா வீடுகளிலும் செய்கிறோம். அந்த நுரை செடியின் சாறு. தேய்ப்பதால் காயின் உள்ளே உள்ள கசப்பு வெளியே வருவதில்லை. ஆனால் கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகமாகச் சேரும். ஆகவே காம்புப் பக்கம் ஓரங்குலம் வெட்டி எறிவது பிரயோஜனமான காரியம்தான். அதேபோல், பக்கத்தில் பாகற்காய் போட்டால் வெள்ளரி கசக்கும் என்பதும் சரியல்ல. இரண்டும் கலப்பதே இல்லை.

மாடியில் வளர்ப்பது

கடையில் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். எங்கள் மயூர் விஹார் யமுனைக் கரையில் இருக்கிறது. ஆற்றுப் படுகையில் கீராவும் ககடியும் தர்பூசணியும் அமோகமாக விளையும். வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், யமுனை சுத்தமாகும் வரை டில்லியில் அந்தப் படுகையில் உணவுப் பயிர்கள் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆற்றில் கலந்த கழிவும் கன உலோகங்களும் காய்க்குள் போகின்றன என்பது காரணம். அந்தச் செய்தியைப் படித்த வாரம்தான் நான் முதல் பை மண் வாங்கினேன்.

எப்போது விதைப்பது: டில்லி, லக்னோ பக்கங்களில் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, மறுபடி மழை தொடங்கியதும் ஜூன் கடைசி, ஜூலை. சென்னை, மும்பை, புனேயில் ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கலாம். ஜூன், ஜூலையும் உண்டு. பெங்களூர்க்காரர்கள் பாக்கியசாலிகள்; கடும் குளிர் மாதங்களைத் தவிர எப்போதும் போடலாம். விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் உகந்தது. 15 டிகிரிக்குக் கீழே முளைப்பதே சந்தேகம்.

எதில்: பதினைந்து அங்குல வளர்ப்புப் பை அல்லது பழைய பக்கெட். அடியில் துளைகள் அவசியம். நான் போடும் கலவை, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஒரு பைக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழத்தில். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நன்றாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். இந்த இடத்தில் நம்மவர்களுக்கு இரக்கம் வந்துவிடுகிறது. மூன்றையும் வைத்தால் மூன்றும் நோஞ்சானாகும்.

கொடி ஏற ஒரு கயிறு அல்லது வலை கட்டுங்கள். அதன் பற்றுக்கம்பியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கயிற்றைப் பிடித்த பிறகு ஸ்பிரிங் மாதிரி சுருளும். பாதி ஒரு பக்கமாகவும், நடுவில் ஒரு திருப்பம் வந்து, மீதி எதிர்ப்பக்கமாகவும் சுருண்டிருக்கும். இரண்டு முனையும் கட்டுப்பட்ட பிறகு, முறுக்கிக்கொள்ளாமல் சுருள இதுதான் ஒரே வழி. இதை டார்வினே வியந்து எழுதியிருக்கிறார்.

சுமார் ஐந்தாவது வாரம் பூக்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள், உதிர்ந்துவிடும். "எல்லாப் பூவும் கொட்டிப் போச்சு" என்று பயப்பட வேண்டாம். பெண் பூவின் பின்னால் குட்டி வெள்ளரிக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூக்களை அதிகமாக்கும். டில்லியில் தாமதமாக ஏப்ரலில் விதைத்துவிட்டு, காய்க்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களின் பிரச்னை இதுதான். உயரமான அடுக்குமாடிகளில் தேனீ வராவிட்டால், காலை பத்து மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவ வேண்டும். இந்தச் சிரமமும் வேண்டாம் என்றால், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் விதையில்லாத ரகங்கள் உண்டு. நம் பூசா விவசாய ஆராய்ச்சி நிலையம் 'பூசா சீட்லெஸ் குகும்பர் 6' என்று ஒன்று வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது மூடிய கூடாரத்துக்குள் வளர்க்க ஏற்பட்டது. திறந்த மாடிக்கு அவர்களுடைய 'பூசா உதய்' எனக்கு நன்றாக வந்தது.

தண்ணீர்தான் முக்கியம். மே மாதத்தில் வளர்ந்த கொடிக்குக் காலையும் மாலையுமாக மூன்று, நான்கு லிட்டர் விடுகிறேன். மண்மேல் காய்ந்த இலையைப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். ஊருக்குப் போவதாக இருந்தால் யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். என் கதைதான் கேட்டீர்களே. நாற்பது டிகிரி தாண்டினால் பச்சை வலை நிழல் வேண்டும்.

இலையில் வெள்ளைப் பொடி படிந்தால், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயிலில் தெளியுங்கள். பிரேசில் நாட்டில் சோதித்துப் பார்த்த முறை. பூச்சிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போட்டுச் சாயங்காலத்தில் அடிக்கலாம். இலை திட்டுத் திட்டாக மஞ்சளாகிச் சுருங்கினால் அது வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

விதைத்த ஐம்பது நாட்களுக்குள் முதல் காய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிரண்டை முற்ற விட்டால், வந்த காரியம் முடிந்தது என்று கொடி காய்ப்பதைக் குறைத்துவிடும். எனக்கு ஒரு கொடியில் பதினைந்து காய்வரை கிடைத்திருக்கிறது.

காம்பை விட்ட பழம்

ஆரம்பத்தில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில், ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் வெள்ளரிப்பழ விதை கொஞ்சம் கொண்டு வந்தார். மழை தொடங்கியதும் போட்டேன். இது மேலே ஏற ஆசைப்படவில்லை; தரையில் படர்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு பழம் மஞ்சளாகி வாசனை வரத் தொடங்கியது. ஒரு நாள் காலை சந்தியாவந்தனம் முடித்துவிட்டு மாடிக்குப் போனேன். அடிப்பக்கம் அழுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பழத்தைச் சும்மா தூக்கினேன். கையோடு வந்துவிட்டது. இழுக்கவில்லை, திருகவில்லை. காம்பு இருந்த இடத்தில் வட்டமாக, சுத்தமாக ஒரு தழும்பு. ஒரு சொட்டுச் சாறுகூட வடியவில்லை. கொடியில் இலைகள் பச்சையாகவே இருந்தன.

கல்லூரியில் படித்த பாடம் அப்போது ஞாபகம் வந்தது. முலாம்பழ இனத்தில் பல வகைகள், பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. காம்பும் பழமும் சேரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று ஏற்பட்டு, அங்கே உள்ள செல்கள் ஒன்றையொன்று மெள்ள விட்டுவிடுகின்றன. பழுப்பது முடியும்போது பிரிவதும் முடிந்திருக்கும். வெள்ளரிக்காயில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் என் முதல் காய் கொடி காய்ந்தும் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வசிஷ்டர் பார்த்தது எது என்று அடித்துச் சொல்ல நான் வேத பண்டிதன் அல்ல. ஆனால் அந்த மந்திரம் சொல்லும் குணம் இந்தப் பழத்தில் இருக்கிறது, அந்தக் காயில் இல்லை. அதைக் கண்ணால் பார்த்தேன். என் தகப்பனார் வெள்ளரிப்பழம் என்று சரியாகத்தான் சொன்னார். நான்தான் வெள்ளரிக்காயிடம் போய்த் தேடியிருக்கிறேன்.

அடுத்த வருஷம், என் மூத்த தமக்கை தொண்ணூற்றொன்றாவது வயதில் காலமானாள். அதற்கு ஆறேழு மாதம் முன்பே சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டாள். யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சொல்லியாகிவிட்டது. மனஸ்தாபத்தில் இருந்த ஒரு உறவுக்காரரைத் தானே போனில் கூப்பிட்டுப் பேசினாள். ஒரு நாள் சாயங்காலம் காபி சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவள்தான். வந்தவர்கள் எல்லோரும் "அனாயாச மரணம், வெள்ளரிப்பழம் மாதிரி போயிட்டா" என்றார்கள். எத்தனையோ துக்க வீடுகளில் கேட்ட வார்த்தைதான். அன்றைக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் தெரிந்தது. அது ஒரு சாயங்காலத்தில் நடந்த காரியம் இல்லை. அந்த ஆறேழு மாதமும் அக்கா காம்பை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏறிய அந்த ராத்திரி எனக்கு இருந்த மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன். நான் எதையும் விடத் தயாராக இல்லை. இரண்டு கசப்பு வெள்ளரிக்காயைக்கூட எறிய மனசு வராதவன்தானே! இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வருகிறேன். வங்கிக் கணக்குகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். அது ஓர் ஆரம்பம்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். காய் கசந்தால், எவ்வளவு ஆசையாக வளர்த்ததானாலும் எறிந்துவிடுங்கள். இந்த மழைக்காலத்தில் ஆளுக்கு ஒரு பையில் வெள்ளரிப்பழ விதை போடுங்கள். வாசலில் ஒரு சின்னப் பொட்டலத்தில் விதை வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். பழம் வாசனை வந்ததும் பறிக்காதீர்கள். பேரன் பேத்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா தூக்கிப் பாருங்கள். அதன் பிறகு மந்திரத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொடுங்கள்.